தொழிலாளி வீட்டுக் குழந்தையின் பல்

குழந்தைகளின் பல் சொத்தையாகாமல் தடுக்க லேசர் ஒளியும் புளோரைடு மருந்தும் சேர்ந்த சிகிச்சை இன்று வந்திருக்கிறது. லேசரின் சூடு பல்லின் மேற்பூச்சை அமிலத்தில் எளிதில் கரையாதபடி இறுக்குகிறது. புளோரைடு அதன்மேல் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். விஞ்ஞானத்தின் இந்த முன்னேற்றத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் இது யாருக்குக் கிடைக்கும்? ஓசூர் ஆலைகளில் காண்டிராக்ட் கூலியாக உழைப்பவரின் குழந்தைக்குக் கிடைக்குமா? இதுவே நமது கேள்வி.

முதலில் ஒரு விபரீதத்தைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துப் பூசிக்கொள்ளும் இதே புளோரைடு, கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களின் பல கிராமங்களில் நிலத்தடி நீரிலேயே அளவுக்கு மிஞ்சிக் கிடக்கிறது. பாறையிலிருந்து கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது நமது நாட்டின் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரைக் குடித்து வளரும் குழந்தைக்குப் பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையுமாக முளைக்கிறது. பல ஆண்டுகள் குடித்தவருக்கு முதுகும் மூட்டும் விறைத்துப் போகின்றன. காய்ச்சினாலும் இது நீங்காது.

பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் ஜில்லாவில் 1937-லேயே மருத்துவர்கள் இந்நோயைக் கண்டு எழுதிவிட்டார்கள். ஆனால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2008-ல். காவிரி நீர் வந்தது 2013-ல்! இடையில் இதை வைத்து மொழி வெறியைக் கிளப்பிவிட்டவர்களும் உண்டு. எல்லைக்கு அப்பால், கோலார் ஜில்லாக் குழந்தைகளின் பல்லிலும் இதே கறைதான். பாறைக்கு மொழி ஏது?

சொத்தையின் கதை வேறு. பல்லில் ஒட்டிய இனிப்பைக் கிருமிகள் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. தாய் விடியுமுன் ஷிப்டுக்கு ஓடுகிறாள். குழந்தையின் கையில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம். குற்றம் தாயுடையதா? குழந்தைக் காப்பகம் கட்டாத முதலாளியுடையதா?

இதைத் தடுக்க லேசர் இயந்திரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. புளோரைடு வார்னிஷை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லில் தடவினால் பெரும் பலன் உண்டு. சில நிமிட வேலை. 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் புளோரைடு மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நமது மத்திய சர்க்காரோ, 2025 செப்டம்பர் வரை பற்பசைக்கே 18 சதவீதம் வரி பிடுங்கியது. அதை 5 ஆக்கிவிட்டுப் பெருமை பேசுகிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மூன்று வயது வரை அரிசியளவு பசை, பிறகு பட்டாணியளவு பசை போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் அதைச் சோதித்துப் பார்க்கும்படி அதிகாரிகளை வற்புறுத்துங்கள்.

நாம் கோருவது இதுதான்: தொழிலாளர் குடியிருப்புகள் அனைத்திற்கும், வடநாட்டிலிருந்து வந்த கூலிகள் தங்கும் கொட்டகைகளுக்கும் காவிரி நீர் வர வேண்டும். ஒவ்வொரு கிணற்றின் சோதனை முடிவையும் ஊர் அறிய எழுதி ஒட்ட வேண்டும். அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் ஆண்டுக்கு இருமுறை பல் வைத்தியர் வந்து, பரிசோதித்து, இலவசமாக வார்னிஷ் பூச வேண்டும்.

இது தர்மம் அல்ல. ஆலையை ஓட்டும் கைகள் ஈட்டிய செல்வத்தில் அவர்கள் குழந்தைகளுக்குள்ள பங்கு. தொழிற்சங்கங்களும் மாதர் சங்கங்களும் இக்கோரிக்கையை வாயிற்கூட்டங்களில் முழங்கட்டும்!