மலைக்கு மட்டும் ஏன் இருட்டு?

கீழ்ப்பழனி மலைக்குக் காற்றும் மழையும் புதிதல்ல. மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் பாச்சலூர் பக்கத்துக் குடியிருப்புகள் இருளில் கிடப்பதும் புதிதல்ல. "மலை என்றால் அப்படித்தான்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். மரம் விழுவது இயற்கை. விழுந்தபின் எந்தத் தெருவில் முதலில் விளக்கு எரிகிறது, எந்தத் தெரு கடைசிவரை காத்திருக்கிறது என்பது இயற்கை அல்ல, அரசியல்.

2012-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த பிப்ரவரியில் அறிவித்த மின்வெட்டு சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு 4 மணி நேரம். ஆண்டு முடிவதற்குள் கிராமங்களில் அது 12 மணி நேரத்தையும் தாண்டியது. அப்போதைய மின்துறை அமைச்சர் நத்தம் விசுவநாதன் நம் திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்தான். அதனால் நமக்கு விளக்கு கூடுதல் நேரம் எரியவில்லை. அதற்கு முந்தைய தி.மு.க. ஆட்சி 2011 தேர்தலில் தோற்றதற்கு மின்வெட்டும் ஒரு காரணம். சமவெளி இருண்டால் ஓட்டுப் போகும் என்பதை இரண்டு கட்சிகளும் அப்போது படித்துக்கொண்டன. ஓட்டு குறைவாக உள்ள மலை இருண்டால் யாருக்கும் பதவி போவதில்லை.

மலையிலும் எல்லா வீட்டுக்கும் ஒரே இருட்டு அல்ல. நிலம் உள்ளவரின் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் உண்டு. அவர் தோட்டத்தில் காபியும் மிளகும் பறிக்கும் கூலிக் குடும்பத்துக்கு அதில் பங்கில்லை. இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்கு மின்தடை ஒரு தொந்தரவு. காலனிப் பிள்ளைக்கும் பளியர், புலையர் வீட்டுப் பிள்ளைக்கும் அது தேர்வுக்கு முந்தைய இரவு.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் 1944-ல் அவர் காலத்தில்தான் அமைந்தது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காமல் இந்த நாட்டின் வறுமை தீராது என்பது அவர் நிலை. மின்சாரம் கேட்பது சலுகை கேட்பது அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சட்டமும் நம் பக்கம்தான். மின்சாரச் சட்டம் 2003-ன் 57-வது பிரிவுப்படி, ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த சேவைத் தரத்தை மின்வாரியம் மீறினால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும். "வனத்துறை அனுமதி இல்லை" என்ற பதிலுக்கும் விடை உண்டு. வன உரிமைச் சட்டம் 2006-ன் 3(2) பிரிவுப்படி, மின்பாதை போன்ற 13 வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்க முடியும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது என்பது நிபந்தனை.

ஆகவே மாணவர்களே, ஒரு நோட்டு போடுங்கள். மின்சாரம் போன தேதி, நேரம், திரும்பி வந்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அந்த நோட்டை அங்கே படித்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு மலையேறி வருபவர் கையிலும் அதையே கொடுங்கள். கணக்கு நம்மிடம் இருந்தால்தான் பதில் சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு வரும்.