தேதியில்லாத தொகுப்பும் திருத்தப்பட்ட நாக்கும்

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கின் மாலை அமர்வில், 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் தொடக்க ஆண்டுகளைப் பற்றிய காணொளித் தொகுப்பு ஒன்று திரையிடப்பட்டது. யூடியூபிலும் கைப்பேசிகளிலும் சிதறிக் கிடந்த துண்டுகளை ரசிகர் ஒருவர் சேர்த்து ஒட்டிய ஏறத்தாழ நாற்பது நிமிடப் படம். முடிந்ததும் அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். தலைமை வகித்த பேராசிரியர் எழுந்து, "இனி இக்குழுவைப் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு இதுவே முதன்மைத் தரவு" என்றார். தட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது. ரசிகரோடு எனக்கு வழக்கில்லை. அவர் அன்பினால் செய்திருக்கிறார். என் வழக்கு அதைத் தரவு என்று அறிவித்தவர்களோடும், மறுக்காமல் குறிப்பெடுத்துக்கொண்ட நம்மோடும்தான்.

அந்த நாற்பது நிமிடங்களில் ஓரிடத்திலும் தேதி இல்லை. எந்த மேடை, எந்த ஊர், யார் படம் பிடித்தது என்ற குறிப்பும் இல்லை. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடந்த முதல் நிகழ்ச்சியின் காட்சி, பிந்தைய நிகழ்ச்சி ஒன்றின் காட்சியோடு ஒரே பாடலுக்குள் தைக்கப்பட்டிருக்கிறது. மேடையின் பின்திரை மாறுவதைக் கவனித்தால்தான் தெரியும். ராக், ராப், கானா மூன்றும் ஒரே மேடையில் எப்படி ஒன்றை ஒன்று கேட்டுப் பழகின, கட்டமொளமும் சட்டியும் டிரம்ஸுக்கு எப்படி இடம் கொடுத்தன, எப்போது கொடுக்க மறுத்தன என்பதுதான் தொடக்க ஆண்டுகளை ஆராய்பவருக்கு இருக்கவேண்டிய கேள்வி. வரிசை குலைந்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

தேதி என்பது ஆய்வாளரின் சடங்கு மட்டுமன்று. 2024 நவம்பரில் நடந்ததை நினைவுகூருங்கள். இசைவாணி பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாடலின் ஒரு துண்டு, புதிதாக வந்த பாடல்போலச் சமூக ஊடகங்களில் சுற்றியது. காவல்துறையில் புகார்கள் குவிந்தன. அவருக்கு மிரட்டல்கள் வந்தன. அது 2018இன் பாடல் என்றும், கோயில் நுழைவு உரிமையைப் பேசும் பாடல் என்றும் நீலம் பண்பாட்டு மையம் விளக்கம் தரவேண்டியிருந்தது. 2018 செப்டம்பரில் சபரிமலைத் தீர்ப்பு வந்த ஆண்டின் விவாதத்துக்குள் நின்ற ஒரு பாடலை அந்த ஆண்டிலிருந்து பிய்த்து எடுத்ததால், ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு பெண் தன் பாதுகாப்புக்காக அஞ்ச நேர்ந்தது. அதே பாடலின் அதே வகைத் துண்டு இந்தத் தொகுப்பிலும் இருக்கிறது, தேதியின்றி. அரங்கில் இருந்த ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் என்னை இதைவிடச் சுட்டது திரையின் அடியில் ஓடிய எழுத்துகள். பாடகர்கள் பாடல்களுக்கு இடையே பேசுகிறார்கள். வடசென்னைத் தமிழ், தெளிவாகக் கேட்கிறது. கீழே ஓடுவதோ பள்ளிப் பாடநூல் தமிழ். '-கினு' வரும் இடமெல்லாம் '-கொண்டு'. 'கீது' வரும் இடமெல்லாம் 'இருக்கிறது'. 'அப்பால' என்பது 'பிறகு' ஆகியிருக்கிறது. ஓரிடத்தில் 'பேஜார்' என்ற சொல்லுக்கு மூன்று புள்ளிகள் மட்டும் இட்டிருக்கிறார்கள், வசைச்சொல்லை மறைப்பதுபோல. பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்து சேர்ந்த, சலிப்பைக் குறிக்கும் எளிய சொல் அது. வாய் ஒன்று பேச, எழுத்து வேறொன்று காட்டுகிறது. இவர்களது மொழியைக் கொச்சை என்று ஒதுக்கிய பார்வையை எதிர்த்து மேடையேறிய குழுவின் ஆவணத்தில் இது நடக்கிறது. தலைப்பில் 'சாதியற்ற' என்று வைத்துக்கொண்டு, அடியில் நாக்கைக் கழுவித் துடைத்திருக்கிறார்கள்.

"எல்லாருக்கும் புரியவேண்டுமே" என்றார் பக்கத்து இருக்கை நண்பர். புரியவேண்டியதுதான். பேசியதைப் பேசியபடி ஒரு வரியும், விளக்கத்தை அதன்கீழ் இன்னொரு வரியும் இடுவதற்கு என்ன தடை? கல்வெட்டை அச்சிடுபவர் மூலத்தைத் தூக்கியெறிந்துவிட்டு உரையை மட்டும் அச்சிட்டால் நாம் ஏற்போமா? பேச்சுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

இன்னொரு செய்தியும் இருக்கிறது. 'கீது' என்ற வடிவத்தைப் பிழை என்று திருத்தி அதன் இடத்தில் வைத்த 'இருக்கிறது' எங்கிருந்து வந்தது? '-கிறு-' என்னும் நிகழ்கால இடைநிலை சங்க இலக்கியத்தில் இல்லை. பக்தி இலக்கியக் காலத்தில்தான் அது பரவலாக வெளிப்படுகிறது. பேச்சில் தோன்றி, பிறகு ஏட்டில் இடம்பிடித்த வடிவங்களால் ஆனதுதான் நாம் இன்று போற்றும் எழுத்துத் தமிழ். வில்லியம் லபோவ் 1969லேயே ஒதுக்கப்பட்டவர்களின் பேச்சுக்குத் தனக்கே உரிய ஒழுங்கும் தர்க்கமும் உண்டு என்று நிறுவிவிட்டார். அந்தக் கட்டுரையை முதுகலை வகுப்பில் பாடமாகப் படித்தவர்கள்தாம் அன்று அரங்கில் பாதிப்பேர்.

இதை நான் குடுபல்லியிலிருந்து எழுதுகிறேன். ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலை இது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இப்பக்கமெல்லாம் வட ஆற்காட்டோடு கிடந்தது. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, பெங்களூருக்கு ரயிலேறினால் கன்னடம் என்று ஒரே நாளில் மூன்று மொழிகளைக் கடப்பவர்கள் இங்கே ஏராளம். கள ஆய்வுக்காக நான் பேச்சைப் பதிவு செய்யப் போகும் வீடுகளில் '-கினு'வும் 'கீது'வும் இயல்பாக ஒலிக்கின்றன. சென்னையின் சேரிகளுக்கு மட்டுமே உரிய கொச்சை என்று கருதப்படும் இவ்வடிவங்கள் வடதமிழகத்துக்கும் அதன் எல்லைக்கு அப்பாலுக்கும் பொதுவானவை. குழுவின் முதல் நிகழ்ச்சிப் பதிவுகளை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குச் சென்னை கேட்கவில்லை, ஊர்தான் கேட்டது.

கடந்த மாதம் ஒரு பாட்டி, பதிவுக்கருவியை நான் அணைத்ததும் சொன்னார்: "எங்க பேச்சு தப்புப் பேச்சு நைனா. எழுதச் சொல்ல நல்ல தமிழா மாத்திக்கினு எழுது." 'மாத்திக்கினு' என்ற சொல்லிலேயே அந்த வேண்டுகோளை வைத்தார். அப்படி மாற்றினால் என் ஆய்வேட்டில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அவரை அப்படிச் சொல்லவைத்த பள்ளிக்கூடத்தின் வேலையைத்தான் அந்தத் தொகுப்பின் எழுத்துகளும் செய்கின்றன.

தொகுப்பது எப்படி என்று நமக்குக் காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. இக்குழு தன் பெயருக்கான சிந்தனையை எடுத்தது அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி நடத்திய இதழில் அவர் எழுதியவை, 1914இல் அவர் மறைந்தபின் பல பத்தாண்டுகள் பொதுப்பார்வையில் இல்லை. சிலர் வீடுகளில் காத்துவைத்த இதழ்க்கட்டுகளைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. பொருள்வாரியாக வரிசைப்படுத்திய தொகுப்புதான் அது. அந்த வரிசையோடு எனக்குச் சில முரண்பாடுகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் இதழ் எண்ணும் தேதியும் இருக்கின்றன. அதனால் தொகுப்பாளரின் வரிசையைக் கலைத்து என் வரிசையை நான் அமைத்துக்கொள்ள முடிகிறது.

உலகம் கொண்டாடிய ஒரு ராக் குழுவின் கதையும் இதையே சொல்கிறது. பீட்டில்ஸ் குழுவினர் 1969 ஜனவரியில் ஒத்திகை பார்த்த காட்சிகளிலிருந்து 1970இல் 'லெட் இட் பி' என்ற படம் வந்தது. கசந்து பிரிகிறவர்களின் படம் என்றே அது நெடுங்காலம் நினைவில் நின்றது. 2021இல் பீட்டர் ஜாக்சன் அதே மூலக் காட்சிகளுக்குத் திரும்பிப்போய் ஏறத்தாழ 8 மணி நேரப் படமாக 'கெட் பேக்' எடுத்தார். நாள்வாரியாக, நாட்காட்டியோடு. அதில் சிரித்து, விளையாடி, பாட்டுக் கட்டுகிறவர்களும் இருந்தார்கள். சுமார் 60 மணி நேரச் சுருள்கள் அழியாமல் இருந்ததால்தான் முதல் தொகுப்பு இறுதித் தீர்ப்பு ஆகாமல் தப்பியது. நம் குழுவின் மூலச் சுருள்கள் எங்கே? பார்வையாளர்களின் பழைய கைப்பேசிகளில், ஒருநாள் மூடப்படக்கூடிய யூடியூப் கணக்குகளில்.

பெயர்களையும் சொல்லவேண்டும். தொகுப்பில் தென்மா, அறிவு, இசைவாணி ஆகியோரின் பெயர்கள் திரையில் வருகின்றன. தொடக்கத்தில் பத்தொன்பது பேர் கொண்ட குழு இது. தாளக் கருவிகளை வாசித்தவர்கள் கை தெரிகிறது, முகம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' பாடலை எழுதிப் பாடிய அறிவின் முகம் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் இல்லாதபோது நாம் எல்லாரும் கொதித்துப் பதிவிட்டோம். அது அச்சு இதழ், அயல் பெயர் என்பதால் கோபப்பட எளிதாக இருந்தது போலும்.

என் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். முதுகலை ஆய்வேட்டில் கானாப் பாடல்களின் வினைமுற்றுகளை ஆராய்ந்தபோது, யூடியூப் துண்டுகளைத் தேதி பார்க்காமல், மேற்பதிவேற்றிய நாளையே பாடிய நாளாகக் கொண்டு பட்டியலிட்டேன். நெறியாளரும் கேட்கவில்லை, புறத்தேர்வாளரும் கேட்கவில்லை. நல்ல மதிப்பெண்கூடக் கிடைத்தது. இன்று அந்த அட்டவணையில் பாதியை நான் நம்பமாட்டேன்.

தொகுத்த நண்பர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். படத்தை நீக்கவேண்டாம். எந்தத் துண்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற பட்டியலை மட்டும் விளக்கக் குறிப்பில் இடுங்கள். எழுத்துப்பெயர்ப்பை நான் செய்து தருகிறேன், கேட்டபடியே, கூலி வேண்டாம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் திடலில் இருந்து கைப்பேசியில் படம் பிடித்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், அந்தக் கோப்பை வெட்டாமல், வாட்ஸப்பில் சுருக்காமல், மூலக்கோப்பாகவே அனுப்புங்கள். பாட்டு முடிந்தபின் நீங்களும் பக்கத்தில் நின்றவரும் பேசிக்கொண்டது அதில் பதிவாகியிருந்தால் அதையும் விட்டுவையுங்கள்.