களப்போரம் ஒரு வகுப்பறை

சுவாச வேர் என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டால் முன்னேஸ்வரத்துப் பிள்ளை நாலு வரி எழுதிவிடும். சிலாபம் களப்பின் சேற்றில் ஆணி முளைத்ததுபோல் மேலே நீட்டி நிற்பவை அதே வேர்கள்தாம் என்று காட்டிக்கொடுக்க ஆள் வேண்டும். உப்பை இலைவழியே வெளியேற்றும் கண்டல் மரம், தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிடும் விதை, எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. பாடமோ கரும்பலகையோடு முடிந்துவிடுகிறது.

ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. பாடத்திட்டத்தை முடிக்கவே அவருக்குத் தவணை போதாது. இந்த இடத்தில்தான் பல்கலைக்கழகம் கைகொடுக்க வேண்டும். அதைச் செய்யக்கூடிய அறிவு இந்த மாகாணத்திலேயே இருக்கிறது.

சிலாபத்துக்கு வடக்கே ஆனைவிழுந்தான் சரணாலயம் 2001இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியில் கண்டலை வெட்டி இறால் பண்ணை போட்டார்கள். 1990களில் வெண்புள்ளி நோய் இந்தக் கரையோரத்துப் பண்ணைகளை வாட்டியது. பல குளங்கள் கைவிடப்பட்டன. அப்படிக் கைவிடப்பட்ட நிலத்தில்தான் வயம்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் செவ்வந்தி ஜயக்கொடி போன்றோர் கண்டலை மீட்க உழைத்தார்கள். கன்று நடுவதற்கு முன்னால் அவர்கள் நீரைப் பார்த்தார்கள். வற்றுப்பெருக்கு நீர் தன் வழியில் வந்து போனால் விதையும் வரும், காடும் தானே எழும் என்பது அந்த முறையின் அடிப்படை. இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை ஐ.நா. 2024 பெப்ரவரியில் உலகின் முன்மாதிரி மீட்புத் திட்டங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இதற்கு நேர்மாறான பாடமும் நாட்டில் உண்டு. ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்தபோது ஒன்பதில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பொருந்தாத இனத்தைப் பொருந்தாத நீர்மட்டத்தில் நட்டால் வேறென்ன நடக்கும்? பிள்ளைகளின் கையில் கன்றைக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போவதை உயிரியல் கல்வி என்று சொல்லவே கூடாது. ‘இந்தக் கன்று ஏன் செத்தது’ என்று அவர்களைத் தேட விடுவதுதான் கல்வி.

சிலாபத்தை அடுத்த பம்பலவில் 2016இல் கண்டல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. உலகிலேயே இதுதான் முதலாவது. பாடசாலைப் பிள்ளைகள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டிய இடம். ஆனாலும் சுற்றுலா ஒரு நாளோடு முடிந்துவிடும். தவணை முழுக்க நீளும் பாடத்துக்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் போல் வில்லியம்ஸ் கடுகினச் செடி ஒன்றை விதையிலிருந்து மறுவிதை வரை ஏறத்தாழ 40 நாளில் முடியும்படி உருவாக்கினார். நோக்கம் ஆராய்ச்சிதான். ஆனால் ஒரு தவணைக்குள் ஒரு முழு வாழ்க்கைச் சக்கரத்தைப் பிள்ளைகள் கண்ணால் காணலாம் என்பதால் அந்தச் செடி பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பல்கலைக்கழகம் பாடசாலையின் நாட்காட்டிக்குத் தக்கபடி தன் அறிவைக் கொடுத்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இங்கே அவ்வளவுகூடத் தேவையில்லை. உப்புச்செறிவை அளக்கும் சிறு கருவி, கைவில்லை, அளவுநாடா, இவற்றை வைத்த ஒரு பெட்டி பாடசாலை பாடசாலையாகச் சுற்றிவரட்டும். மாரி மழைக்கு முன்னும் பின்னும் களப்பு நீரை அளந்து தரம் 8 பிள்ளைகள் ஆண்டு முழுக்கக் குறித்துவைக்கட்டும். செயற்தாள்கள் தமிழிலும் சிங்களத்திலும், பரீட்சையில் வரும் கலைச்சொற்களோடு இருக்க வேண்டும். உயர்தரம் வரை தமிழில் படித்து, இப்போது ஆங்கிலத்தில் உயிரியல் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களைவிட இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் யார்? அதற்குப் பட்டப்படிப்பில் புள்ளி கொடுத்தால் ஆர்வத்தோடு வருவார்கள்.

பரீட்சைக்குப் படிக்க நேரம் போதாது என்று பெற்றோர் அஞ்சுவார்கள். நியாயமான அச்சம். அதனால்தான் சாதாரணதர நெருக்கடி தொடங்குமுன், தரம் 6 முதல் 9 வரை உள்ள வகுப்புகளில் ஆரம்பிக்கச் சொல்கிறோம்.

சிலாபம் வலயக் கல்விப் பணிமனையும் வயம்பப் பல்கலைக்கழகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அடுத்த கல்வியாண்டுக்கு முன் முன்னேஸ்வரத்தையும் உடப்பையும் சேர்த்துச் சில பாடசாலைகளைத் தெரிவு செய்ய வேண்டும். பிள்ளைகளின் பெற்றோர் அந்தக் கோரிக்கையைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இப்போதே எழுப்பலாம்.