விண்டோவை நகர்த்த மூணு பேர் வேணுமா?

சுவரேட்டில் எப்பவும் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்றுதான் எழுதுகிறோம். நான் இந்தத் தடவை நம்ம கம்ப்யூட்டர் ரூமைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். யாரும் கோபப்பட வேண்டாம்.

ஒரு கம்ப்யூட்டருக்கு மூணு பேர் உட்காருகிறோம். பாடத்தை ஒரு பக்கம் திறந்து வைத்து, அதைப் பார்த்து இன்னொரு பக்கம் டைப் அடிக்கணும். ஆனால் உட்கார்ந்ததும் என்ன நடக்கிறது? ஒருத்தி மவுஸைப் பிடித்து விண்டோவின் ஓரத்தை இழுப்பாள். "போதும்டி" என்று ஒருத்தி, "இன்னும் இழுடி" என்று ஒருத்தி. பாடம் போய் டைப் அடிக்கிற விண்டோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடி எடுப்பதற்குள் மறுபடி எல்லாம் கலைந்திருக்கும். 40 நிமிஷப் பீரியடில் கால்வாசி இதிலேயே போகிறது. (புத்தகத்தில் சாளரம், வீட்டில் ஜன்னல், இங்கே விண்டோ. எந்தப் பேர் சொன்னாலும் சொன்ன இடத்தில் நிற்பதில்லை.)

இது விளையாட்டு விஷயம் இல்லை. எங்கள் மூணு பேரில் ஒருத்திக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது. எழுத்தைப் பெரிசாக்கினால் வரி விண்டோவுக்கு வெளியே போய்விடும். அதனால் அவளுக்குப் பாடம் அகலமாக வேண்டும், டைப் அடிக்கிற விண்டோ ஒல்லியாக இருந்தால் போதும். ஒவ்வொரு தடவையும் இதைக் கேட்க வெட்கப்பட்டு, "நீங்க செய்யுங்கடி, நான் பார்த்துக்கிறேன்" என்று ஓரமாக உட்கார்ந்துவிடுகிறாள். அங்கேயிருந்து அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும்.

எங்க பெரியம்மா மகள் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாங்க. லீவில் போனபோது பார்த்தேன். அக்கா ஒரே ஒரு கீயை அழுத்தினாங்க. விண்ணப்பம் இடது பக்கம் போய் நின்றது, ஸ்கேன் பண்ணின சர்டிபிகேட் வலது பக்கம் வந்து நின்றது. யாரும் மவுஸைத் தொடவே இல்லை! அது ஆட்டோஹாட்கீ என்கிற இலவச மென்பொருள். 2003-லிருந்து இருக்கிறதாம். நாம் கையால் செய்கிற வேலையை எழுதி வைத்தால் அதுவே செய்யும்.

அதில் வின்மூவ் என்று ஒரு கட்டளை. எக்ஸ், ஒய், அகலம், உயரம், விண்டோவின் தலைப்பு, இவ்வளவுதான் கேட்கும். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு போடுகிறோமே, அதேதான். ஒரு வித்தியாசம், இங்கே ஆதிப்புள்ளி திரையின் இடது மேல் மூலை. கீழே இறங்க இறங்க ஒய் கூடும். அக்காவின் திரை 1366க்கு 768 புள்ளி. கீழே டாஸ்க்பாருக்கு 40 விட்டால் உயரம் 728. பாடத்துக்கு 960 அகலம் கொடுத்தால் டைப் அடிக்க மிச்சம் 406.

அக்கா என்னையே எழுதிப் பார்க்கச் சொன்னாங்க. முதல் தடவை சொதப்பல்தான். திரை முழுக்கப் பெரிசாக்கி வைத்திருந்த விண்டோ ஏடாகூடமாக நின்றது. வின்ரெஸ்டோர் கொடுத்துச் சாதாரண அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் நகர்த்தணும். அடுத்து, ரெண்டு விண்டோவுக்கும் நடுவில் ஒரு சந்து தெரிந்தது. என் கணக்கு தப்பு என்றே நினைத்தேன். அது தப்பில்லையாம். விண்டோஸ் 10-இல் விண்டோவின் பக்கங்களில் சுமார் 7 புள்ளிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓரம் இருக்கிறது. ரெண்டுக்கும் எக்ஸில் 7 குறைத்து, அகலத்தில் 14 கூட்டினேன். சந்து மூடிக்கொண்டது. இடது விண்டோவின் எக்ஸ் மைனஸ் 7! மைனஸ் எண்ணை நான் முதல்முதலாகக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதைச் சொன்னதும், "விண்டோஸ் கீயோடு அம்புக்குறியை அழுத்தினால் பாதி பாதியாக நிற்குமே, இதெல்லாம் எதுக்கு?" என்றார்கள். நிற்கும், நானும் அழுத்துவேன். ஆனால் எங்களுக்குப் பாதி வேண்டாம், முக்கால் வேண்டும். நடுக்கோட்டை இழுத்து வைக்கலாம், அடுத்த கிளாஸ் வந்து கலைத்துவிடும், நாளைக்கு மறுபடி இழுக்கணும்.

வைரஸ் வரும் என்கிற பயம் மட்டும் நியாயம். கீபோர்டால் செய்ய முடிகிறதை எல்லாம் இதுவும் செய்யும், ஃபைலை அழிக்கிறது உட்பட. அதனால் வெளியிலிருந்து பென்டிரைவில் யாரும் எதுவும் கொண்டுவரக் கூடாது. நாங்களே நோட்பேடில் எழுதுகிறோம். மொத்தமே ஏழெட்டு வரிதான். சார் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிட்டு ஓட்டச் சொன்னால் போதும்.

"இதெல்லாம் பெரிய கிளாஸில் படிச்சுக்கலாம்" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்கள் பெரிய கிளாஸ் போகிற வரைக்கும் அவள் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கணுமா?

ஒரே ஒரு கம்ப்யூட்டரில், ஒரே ஒரு பீரியட் அனுமதி கொடுங்கள் சார். 960 போதுமா, 1000 வேணுமா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். 1000 வேணுமாம். டைப் அடிக்க 366 மிச்சம், எங்களுக்கு அது போதும். அவளுக்கான எண்களைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி