ரசிகர்கள் மட்டுமா குற்றவாளிகள்?

2011 அக்டோபர் 28. தலைநகர் தில்லியை ஒட்டிய குர்கானில் உள்ள லெஷர் வேலி மைதானத்தில் பல மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் திரண்டிருந்தனர். முப்பது ஆண்டு வரலாறு கொண்ட அமெரிக்க ராக் இசைக் குழுவான மெட்டாலிகா, இந்திய மண்ணில் முதன்முறையாக மேடை ஏற இருந்த நாள் அது. பல மணி நேரக் காத்திருப்புக்குப் பின் ரசிகர்களுக்குக் கிடைத்தது இசை அல்ல. நிகழ்ச்சி மறுநாளுக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்கிற அறிவிப்பு மட்டுமே. பார்வையாளர்களின் பாதுகாப்புக் குறித்த கவலையே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

அடுத்து நடந்தது அனைவரும் அறிந்ததே. ஆத்திரமடைந்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் தடுப்புகளைத் தாண்டி மேடையில் ஏறினர். பதாகைகள் கிழிக்கப்பட்டன, கருவிகள் சேதமடைந்தன. மறுநாள் நிகழ்ச்சி அடியோடு ரத்து செய்யப்பட்டது. ஏற்பாட்டாளர்கள் தரப்பில் நான்கு பேர் கைது செய்யப்பட்டனர்.

இத்தகைய சம்பவங்கள் நிகழும்போதெல்லாம் உடனடியாக ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. மேற்கத்திய இசை மோகம் தலைக்கேறிய இளைஞர்களின் கட்டுப்பாடின்மையே எல்லாவற்றுக்கும் காரணம் என்பதே அந்தத் தீர்ப்பு. பொருள்களை அடித்து நொறுக்கியதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால், அதே குழு இரண்டே நாள்கள் கழித்து, அக்டோபர் 30-ஆம் தேதி, பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பெருந்திரளான ரசிகர்கள் முன்னிலையில் இசைத்துவிட்டுச் சென்றது. அங்கு கூடியவர்களும் அதே வயதினர்தான். அதே மோகம் கொண்டவர்கள்தான். அங்கே மேடை உடைபடவில்லை. அப்படியானால், குற்றம் இசையிலோ, அதைக் கேட்க வந்தவர்களின் வயதிலோ மட்டும் இருக்க முடியாது.

பெங்களூர் மக்கள் பொறுமைசாலிகள் என்று இதற்கு விளக்கம் சொல்லவும் வழியில்லை. 2025 ஜூன் 4-ஆம் தேதி அதே நகரின் சின்னசாமி விளையாட்டரங்கின் வாயில்களில், ஐபிஎல் கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தைக் காண வந்தவர்களில் 11 பேர் நெரிசலில் சிக்கி உயிரிழந்தனர். சுமார் 35,000 பேர் அமரக்கூடிய அரங்கத்துக்கு இரண்டு, மூன்று லட்சம் பேர் வந்துவிட்டதாக முதல்வர் சித்தராமையாவே கூறினார். 2023 நவம்பர் 25-ஆம் தேதி கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இசை நிகழ்ச்சி தொடங்கவிருந்த நேரத்தில் மழை பெய்ய, வெளியில் நின்றவர்கள் திறந்தவெளி அரங்கின் வாயிலை நோக்கி ஓடினர். படிக்கட்டில் விழுந்தவர்களில் நான்கு பேர் எழவே இல்லை.

கூட்டம் என்பது தனி மனிதர்களின் கூட்டுத்தொகை அல்ல. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருக்கியடித்து நிற்கும்போது, எவராலும் தம் விருப்பப்படி நகர இயலாது. முன்னால் இருப்பவர் மூச்சுத் திணறுவது பின்னால் இருந்து தள்ளுபவருக்குத் தெரியாது. அந்நிலையில் ஒழுக்கத்தைப் போதித்துப் பயனில்லை. வாயில்கள் எத்தனை, தடுப்பு வேலி எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும், உள்ளே எத்தனை பேரை அனுமதிப்பது என்பவையே உயிரைக் காக்கும். இவையெல்லாம் ரசிகர்கள் வந்து சேர்வதற்கு முன்பே முடிவாகிவிடும் விஷயங்கள்.

இந்த முடிவுகளுக்குப் பொறுப்பு யார் என்பதில்தான் சட்டம் தடுமாறுகிறது. பொது ஒழுங்கு, காவல், கேளிக்கை ஆகிய மூன்றும் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆகவே, இதற்கென நாடாளுமன்றம் நேரடியாகச் சட்டம் இயற்றுவது எளிதல்ல. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-இல் கூட்ட மேலாண்மை குறித்து விரிவான வழிகாட்டி நூலை வெளியிட்டது. அது வழிகாட்டி மட்டுமே. மீறினால் தண்டனை இல்லை. காவல் துறை, தீயணைப்புத் துறை, மாநகராட்சி எனப் பல இடங்களில் அனுமதி பெறும் ஏற்பாட்டாளர், விபத்து நேர்ந்ததும் அந்தத் துறைகளைச் சுட்டுகிறார். துறைகளோ அவரைச் சுட்டுகின்றன. எஞ்சுவது அலட்சியத்தால் மரணம் விளைவித்த வழக்கு ஒன்றுதான். 11 உயிர்கள் போன பிறகே, 2025 ஆகஸ்டில் கர்நாடக அரசு கூட்டக் கட்டுப்பாட்டு மசோதாவைப் பேரவையில் கொண்டு வந்தது.

2025 ஜனவரி 28-ஆம் தேதி புவனேசுவரத்தில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, மும்பையிலும் ஆமதாபாதிலும் நடந்த கோல்ட்பிளே குழுவின் நிகழ்ச்சிகளைச் சுட்டிக்காட்டி, இசை நிகழ்ச்சிகளைச் சார்ந்த பொருளாதாரத்துக்கு இந்தியாவில் பெரும் வாய்ப்பு இருப்பதாகக் கூறினார். அது உண்மைதான். ஆமதாபாத் விளையாட்டரங்கில் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கூடிக் கலைந்தது, முறையான ஏற்பாடு இருந்தால் இங்கும் முடியும் என்பதற்குச் சான்று. ஆனால், வருவாயை வரவேற்கும் அரசு, அந்த வருவாயைத் தரும் ரசிகனின் உயிருக்கான விதிகளையும் வகுத்தாக வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. வாடகை வீட்டுப் பிரச்னையும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதே. ஆயினும் 2021-இல் மாதிரி வாடகைச் சட்டத்தை மத்திய அமைச்சரவை ஏற்று மாநிலங்களுக்கு அனுப்பியது. அதுபோல, பெருங்கூட்ட நிகழ்ச்சிகளுக்கும் ஒரு மாதிரிச் சட்டம் தேவை. அரங்கின் கொள்ளளவுக்கு மேல் நுழைவுச் சீட்டு விற்கத் தடை, தடுப்புகளுக்குப் பொறியாளர் சான்று, குடிநீரும் மருத்துவ உதவியும், நிகழ்ச்சி ரத்தானால் அதை அறிவிக்கும் முறையும் பணத்தைத் திருப்பித் தரும் கெடுவும், அனைத்துக்கும் மேலாக, நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரமும் பொறுப்பும் கொண்ட ஒரே அதிகாரி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

குர்கானில் உடைந்தது மேடை மட்டுமே, உயிர்ச்சேதம் இல்லை. அந்த எச்சரிக்கையை அன்றே செவிமடுத்திருந்தால், கொச்சிக்கும் பெங்களூருக்கும் முன்பே விதிகள் பிறந்திருக்கும். அடுத்த பெரும் நிகழ்ச்சிக்கு நுழைவுச் சீட்டு விற்கத் தொடங்கும் முன்பாவது மத்திய அரசு இதில் முனைய வேண்டும்.