ஆறு பக்க மச்சான்

போன ஞாயிற்றுக்கிழமை, காபி ஆறுவதற்குள் மச்சான் வந்து விட்டார். கையில் பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே ஆறு பக்க ரெஸ்யூமே.

"மாப்ளே, நீங்கதான் பத்திரிகைக்கெல்லாம் எழுதறீங்களே... இங்கிலீஷ் மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க."

மச்சான் டிப்ளமோ மெக்கானிகல். வயசு 46. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று 26 வருஷம் மெஷின் பராமரிப்பு. தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் ஆட்குறைப்பு. மூத்த பெண் இன்ஜினீயரிங் ரெண்டாம் வருஷம். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. என் மனைவி சமையலறை வாசலில் நின்று கண்ணாலேயே சொன்னாள்.

முதல் பக்கத்தில் 'வளரும் நிறுவனத்தில் சவாலான பதவியை நாடுகிறேன்' என்றிருந்தது. தமிழ்நாட்டில் மூன்று தலைமுறையாக ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடித்து வரும் வாக்கியம். அப்புறம் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, உயரம், ரத்த வகை. அஞ்சாம் பக்கத்தில் டைப்ரைட்டிங் லோயர் ஃபர்ஸ்ட் கிளாஸ். ஆறாவது பக்கத்தில், மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதிமொழி, இடம், நாள், கையெழுத்து. கூண்டில் ஏறி சத்தியம் செய்கிற மாதிரி!

இளைஞர்களே, சிரிக்காதீர்கள். உங்களுக்கும் 46 வரும்.

2012-ல் அமெரிக்காவில் 'தி லேடர்ஸ்' என்ற வேலைவாய்ப்புக் கம்பெனி, ஆள் எடுப்பவர்களின் கண் அசைவை மெஷின் வைத்து அளந்தது. ஒரு ரெஸ்யூமேயை முதல் தடவை மேய்வதற்கு அவர்கள் செலவிட்டது சுமார் 6 விநாடி. மச்சான் கணக்கில் பக்கத்துக்கு ஒரு விநாடி. அதில் ரத்த வகைக்கு எத்தனை என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

பொதுவாக, அனுபவம் பத்து வருஷத்துக்குள் என்றால் ஒரு பக்கம். அதற்கு மேல் எத்தனை வருஷமானாலும் ரெண்டு. மூணாவது பக்கம் புரொஃபஸர்களுக்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்கும். அவர்களிடம் கட்டுரைப் பட்டியலே கேட்பார்கள். பக்கம் பக்கமாக வாங்கிக் கொண்டிருந்த அமெரிக்க மத்திய அரசாங்கமே 2025-ல், ரெண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி விட்டது.

"ரெண்டா? 26 வருஷத்தை எப்படி மாப்ளே ரெண்டு பக்கத்துல அடைக்கிறது? எழுத்தைச் சின்னதாக்கிடலாமா?"

அது ஏமாற்று வேலை. படிக்கிறவருக்கும் வயசு நாற்பதுக்கு மேல் இருக்கலாம், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

லியோனார்டோ டாவின்சியும் வேலைக்கு மனுப் போட்டவர்தான். 1482 வாக்கில், வயசு முப்பது. மிலான் நகரத்தை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு நம்பர் போட்டு ஒரு கடிதம் தயார் பண்ணினார். தூக்கிப் போகக்கூடிய பாலம், கோட்டையை உடைக்கும் வழி, பீரங்கி என்று வரிசையாக யுத்த சமாசாரம். படம் வரையத் தெரியும் என்பது கடைசியில்தான், போனால் போகிறதென்று. ஸ்ஃபோர்ஸாவுக்கு அப்போது வேண்டியிருந்தது பீரங்கி. (பிற்பாடு அதே மனிதருக்காகத்தான் 'கடைசி விருந்து' வரைந்தார் என்பது வேறு விஷயம்.)

மச்சானுக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. "அவரு டாவின்சி" என்றார்.

சரி என்று பேனாவோடு உட்கார்ந்தோம். மூணு கம்பெனிக்கும் ஒரே வரி: 'மெஷின்கள் பராமரிப்புக்குப் பொறுப்பு.'

"கடைசி கம்பெனியில எத்தனை மெஷின்?"

"பதினாலு சிஎன்சி."

"நீங்க போனப்ப எப்படி இருந்தது?"

"ஐயோ, அதையேன் கேக்கறீங்க! மாசத்துக்கு 40 மணி நேரம் ஏதாவது ஒண்ணு படுத்துக் கிடக்கும். பேரிங் போயிடும், கூலன்ட் ஒழுகும். ஆபரேட்டர் பசங்களையே ஷிஃப்ட் ஆரம்பிக்கறப்ப பத்து நிமிஷம் துடைச்சு, ஆயில் பார்த்து, சத்தம் கேக்கச் சொன்னேன். முதல்ல மொறைச்சானுங்க. ரெண்டு வருஷத்துல 11 மணி நேரத்துக்கு இறங்கிடுச்சு."

"இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

மச்சான் விழித்தார். "இதையெல்லாமா எழுதுவாங்க? தற்பெருமை மாதிரி இருக்காது?"

ரத்த வகைக்கு இடம் இருக்கிறது, இதற்கு இல்லை! நம் ஊர் வளர்ப்பு அப்படி. கடைசிப் பத்து வருஷத்தில் இந்த மாதிரி இன்னும் நாலு சமாசாரத்தைக் கிண்டி எடுக்க மூணு காபி ஆயிற்று. அத்தனையும் முதல் பக்கத்துக்குப் போயின. அதற்கு முந்தைய காலமெல்லாம் கம்பெனி, பதவி, வருஷம் என்று ஆளுக்கு ஒரு வரி. கட்டம், பார்டர், அலங்காரம் எல்லாம் கட். பல இடத்தில் முதலில் படிப்பது கம்ப்யூட்டர்தான், கட்டம் கட்டினால் அது குழம்பிப் போகும். வெட்டியதைத் தூக்கி எறியவில்லை, தனி ஃபைலில் வைத்தோம். இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி புரட்டிப் பார்க்க உதவும்.

2000-ல் சேர்ந்த முதல் பட்டறை அரைப்பக்கம் இருந்தது. எப்போதோ மூடியாச்சு. அதை ஒரு வரியாக்கச் சொன்னதும் மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அங்கதான் மாப்ளே லேத்ல கை வச்சேன்."

"தெரியும் மச்சான். ஒரு வரி இருக்கும்."

அடித்தார். அடுத்தது தகப்பனார் பெயர்.

"இப்ப யாரும் கேக்கறதில்ல மச்சான்" என்றேன். என் மாமனார் ஃபிட்டராக இருந்தவர். முதல் நாள் அந்தப் பட்டறை கேட் வரைக்கும் இவரை சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போய் விட்டவர். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்று போயிருந்தது.

மச்சான் பேனாவை வாங்கினார். அந்த வரியைத் தானே அடித்தார். அப்புறம் முதல் பக்கத்தைத் திருப்பி மேலே பார்த்தார்.

"இனிஷியல் இருக்கில்ல?"

இருந்தது.