மிர்யாலகூடாவில் கொல்லப்பட்டவரும் ஒரு தந்தைதான்

2020 ஜூன் 21, தந்தையர் தினம். அன்றைக்குத் திரைப்பட இயக்குநர் ராம் கோபால் வர்மா தன் புதிய படத்தின் முதல் சுவரொட்டியை வெளியிட்டார். படத்தின் பெயர் ‘மர்டர்’. மகள்மேல் அளவுமீறிப் பாசம் வைத்த ஒரு தகப்பனின் கதை என்று அதை அறிமுகப்படுத்தினார். எந்தத் தகப்பன்? தெலங்கானாவின் மிர்யாலகூடாவில் பிரணய் என்ற தலித் இளைஞரைக் கூலிப்படை வைத்துக் கொன்ற வழக்கில் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவர். தந்தையர் தினத்தில் நினைவுகூரப்படும் தகுதி அவருக்குக் கிடைத்தது. மருத்துவமனை வாசலில் வெட்டிச் சாய்க்கப்பட்டவரும் ஒரு தந்தைதான் என்பது அந்தச் சுவரொட்டியைப் பார்த்த பலருக்கு உறைக்கவே இல்லை.

தோழர்களே, இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது தந்தையைப் பற்றியது.

பிரணய் மாலா சமூகத்தில் பிறந்தவர். பொறியியல் படித்தவர். அம்ருதா ஆரிய வைசிய சமூகத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை நிலம் வாங்கி விற்கும் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர். இருவருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். வீட்டில் அடி, மிரட்டல், கைப்பேசிப் பறிப்பு என்று எல்லாம் நடந்த பிறகும் அந்த உறவு அறுந்துபோகவில்லை. 2018 ஜனவரியில் ஐதராபாத்தில் ஆரிய சமாஜத்தில் திருமணம் செய்துகொண்டார்கள். மிர்யாலகூடாவுக்கே திரும்பி வந்து பிரணயின் பெற்றோருடன் வாழ்ந்தார்கள். பயந்து ஓடி ஒளியாமல், பிறந்த ஊரிலேயே வீடு கட்டி வாழும் எல்லா மனிதர்களையும்போல வாழ நினைத்தார்கள். சாதி மன்னிக்காத குற்றம் அதுதான்.

அம்ருதா கருவுற்றார். கருவைக் கலைத்துவிடு என்று தன் தந்தை வற்புறுத்தியதாக அவர் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். 2018 செப்டம்பர் 14 அன்று, ஐந்து மாத கர்ப்பிணியாக இருந்த அம்ருதாவைப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு பிரணயும் அவருடைய தாயாரும் மருத்துவமனைக்குப் போனார்கள். பரிசோதனை முடிந்து வெளியே வரும்போது பின்னாலிருந்து வந்தவன் வெட்டினான். மனைவியும் தாயும் பார்க்க, பிரணய் அங்கேயே இறந்தார். பேரம் ஒரு கோடி ரூபாய் என்றது காவல்துறை.

இரண்டு தகப்பன்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் பிறக்கப்போகும் குழந்தை பிறக்கவே கூடாது என்கிறார். இன்னொருவர் அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறதா என்று கேட்க மனைவியோடு மருத்துவரிடம் போகிறார். இதில் எது பாசம்? எது தகப்பன்தன்மை? ஒரு சிறுபிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். ஆனால் இந்தச் சமூகம் முதலாமவருக்குக் கண்ணீர் வடித்தது. அவர் சிறையில் இருந்தபோது பெற்றோரின் உரிமை என்ற பெயரில் ஆதரவுக் குரல்கள் எழுந்தன. “பெற்று வளர்த்தவனின் வேதனை உங்களுக்கு என்ன தெரியும்?” என்று சமூக ஊடகங்களில் கேட்டார்கள். கணவனைக் கண்முன் பறிகொடுத்த பெண்ணைத்தான் வசைபாடினார்கள். 2020 மார்ச்சில் அவர் தற்கொலை செய்துகொண்டபோது அந்தச் சாவுக்கும் அம்ருதாவையே பொறுப்பாக்கினார்கள்.

பெற்றவரின் வேதனை எங்களுக்கும் தெரியும் என்றே அவர்களுக்குப் பதில் சொல்வோம். பிரணய்க்கும் பெற்றோர் உண்டு. மகனை மருத்துவமனை வாசலில் ரத்த வெள்ளத்தில் பார்த்த தாய் உண்டு. “பெற்ற மனம்” என்று நீங்கள் சொல்லும்போது அந்தத் தாயின் முகம் ஏன் உங்கள் நினைவுக்கு வருவதில்லை? பாசம், குடும்பம், மானம், வேதனை ஆகிய எல்லாச் சொற்களையும் சாதி இந்துக் குடும்பத்துக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டீர்கள். சேரியில் ஒரு தகப்பன் இருக்க முடியும், அவனும் பிள்ளைக்காக ஏங்குவான் என்பது உங்கள் கற்பனைக்கே எட்டவில்லை. இதைத்தான் நாம் தீண்டாமை என்கிறோம். தனிக் குவளை, தனிச் சுடுகாடு போல இதுவும் ஒன்று. உணர்ச்சியிலும் தனி வரிசை.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இது வேற்று மாநிலக் கதை அல்ல. அந்தச் சுவரொட்டி வெளிவந்த மறுநாள், 2020 ஜூன் 22 அன்று, உடுமலைப்பேட்டை சங்கர் கொலை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கரும் பொறியியல் மாணவர்தான். 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் பேருந்து நிலையம் அருகே மனைவி கௌசல்யாவின் கண்முன் வெட்டிக் கொல்லப்பட்டவர். திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தைமீதான சதிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுவித்தது. மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. தீர்ப்பைப் பற்றிச் சட்டப்படி பேசுவது வேறு. ஆனால் அன்று இணையத்தில் ஓடிய கொண்டாட்டம் சட்டத்தைப் பற்றியதாக இல்லை. “ஒரு தகப்பன் ஜெயித்தான்” என்ற தொனியில்தான் அது இருந்தது. தகப்பனாகும் வாய்ப்பே மறுக்கப்பட்ட சங்கரைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

இங்கே இன்னொரு பொய்யும் உலவுகிறது. “நாடகக் காதல்.” தலித் இளைஞர்கள் பணக்கார வீட்டுப் பெண்களை மயக்கி, பிறகு பணம் பறிப்பார்கள் என்ற அந்த அவதூறு, 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் கொளுத்தப்பட்ட காலத்திலிருந்து மேடைதோறும் பரப்பப்பட்டது. பிரணயின் வாழ்க்கையை அந்த அவதூறோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளி நாளில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்த உறவு. மிரட்டல் வந்தபோதும் கைவிடாத துணை. அவர் போன பிறகும் அம்ருதா மாமனார் மாமியாரோடு அதே வீட்டில் இருந்து, 2019 ஜனவரியில் மகனைப் பெற்றார். வழக்கை விடாமல் நடத்தினார். நாடகம் ஆடியவர்கள் யார்? திருமணத்துக்குப் பின் சமாதானமாகிவிட்டதுபோலக் காட்டிக்கொண்டு, பின்னால் கூலிப்படைக்கு விலை பேசியவர்கள்தானே?

இங்கே நம் தரப்பிலும் ஓர் எச்சரிக்கை தேவை. பிரணய் நல்ல கணவர், படித்தவர், பாசமான தந்தை என்று நாம் எழுதும்போது, அதனால்தான் அவர் வாழத் தகுதியானவர் என்ற பொருள் வந்துவிடக் கூடாது. அவர் படிக்காதவராக, வேலையில்லாதவராக, கோபக்காரராக இருந்திருந்தாலும் அவரைக் கொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நாளைக்குக் கொல்லப்படும் தலித் இளைஞர் கூலி வேலை செய்பவராக இருப்பார். அப்போது “இவர் பிரணய்போல இல்லையே” என்று யாராவது சொல்வதற்கு நாம் வழி செய்யக் கூடாது. வாழும் உரிமைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தேவையில்லை.

அதேபோல, அவரைத் தியாகி என்று அழைப்பதிலும் நமக்குத் தயக்கம் இருக்கிறது. தியாகி தானாக முன்வந்து உயிரைக் கொடுப்பவர். பிரணய் எதையும் கொடுக்கவில்லை, அவரிடமிருந்து பறித்தார்கள். அவர் விரும்பியது மனைவியோடும் குழந்தையோடும் நீண்ட நாள் வாழ்வதை. அந்தச் சாதாரண ஆசையைத்தான் நாம் உரக்கச் சொல்ல வேண்டும். சாதியின் இயல்பே அகமணம் என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கினார். சாதியை உடைக்கும் உண்மையான மருந்து கலப்பு மணமே என்று 1936இல் எழுதினார். அவர் சொன்னதன் நடைமுறைப் பொருள் இதுதான்: ஒரு தலித் கணவன் தன் மனைவியோடு மருத்துவமனைக்குப் போய்ப் பத்திரமாக வீடு திரும்பினால், அன்றைக்குச் சாதி ஒருபடி தோற்கிறது. அது சாதி வெறியர்களுக்கு நன்றாகவே தெரியும். நமக்குத்தான் சில சமயம் மறந்துவிடுகிறது.

அரசு என்ன செய்தது? பிரணய் கொல்லப்படுவதற்கு ஆறு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, 2018 மார்ச் 27 அன்று, சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவான உத்தரவுகளைப் போட்டது. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்கள், மிரட்டல் வந்தவுடன் வழக்குப் பதிவு, கடமை தவறும் அதிகாரிகள்மீது நடவடிக்கை, விரைவு விசாரணை. காகிதத்தில் எல்லாம் இருந்தது. மருத்துவமனை வாசலில் ஒன்றும் இல்லை. சட்ட ஆணையம் 2012இல் தன் 242ஆவது அறிக்கையில் தனிச் சட்டத்துக்கான வரைவையே கொடுத்தது. அது இன்றும் நாடாளுமன்றத்தில் சட்டமாகவில்லை. இன்றைக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப் போகும் இணையர், 30 நாள் அறிவிப்பு ஒட்டப்படும் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அறிவிப்பைப் படித்துவிட்டு யார் அரிவாளோடு வருவார்கள் என்பது அரசுக்குத் தெரியாதா?

2025 மார்ச் 10 அன்று நல்கொண்டா நீதிமன்றம் பிரணயை வெட்டியவனுக்குத் தூக்கும், மற்ற ஆறு பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. ஆறரை ஆண்டுகள் சாட்சி சொல்லி, நீதிமன்றம் ஏறி இறங்கிய குடும்பத்தின் உறுதிக்குக் கிடைத்த வெற்றி அது. ஆனால் கூலிக்கு வெட்டியவனைத் தூக்கில் போட்டால் சாதி தூக்கில் தொங்கிவிடாது. தீர்ப்பு வந்த அதே ஆண்டு ஜூலை 27 அன்று, பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டார். 27 வயது மென்பொறியாளர். தாத்தாவின் சிகிச்சைக்காக மருத்துவமனைக்கு வந்தவர். அவர் விரும்பிய பெண்ணின் சகோதரர் கைது செய்யப்பட்டார். அதற்குப் பிறகுதான், அக்டோபரில், ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆணையம் சட்டமாகும் வரை ஓயாமல் கேட்பது நம் வேலை.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு மூன்று செய்திகள்.

ஒன்று, பிரணய் கொல்லப்படும் காட்சியைப் பகிராதீர்கள். ஒரு மனிதரின் கடைசி சில நொடிகளே அவருடைய முழு அடையாளமாக மாறிவிடுகிறது. அது நமக்குக் கோபத்தைத் தருகிறது என்று நினைக்கிறோம். காதலிக்கும் தலித் இளைஞர்களுக்கு அது அச்சத்தைத் தருகிறது. கொலைகாரர்கள் விரும்புவதும் அதைத்தான்.

இரண்டு, ஓர் இணையர் உங்களை நம்பி வந்தால் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மிரட்டல்களை எழுத்தில் புகாராகக் கொடுக்கச் செய்யுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சக்தி வாகினித் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் போங்கள். நல்ல வழக்கறிஞர் ஒருவரின் எண் உங்கள் அமைப்பில் எல்லோரிடமும் இருக்கட்டும். காவல் நிலையத்தில் “பெற்றோரோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள்” என்று கட்டப்பஞ்சாயத்து தொடங்கினால் உடன்படாதீர்கள். திருமணம் முடிந்துவிட்டது என்று ஒதுங்கவும் வேண்டாம். ஆபத்து திருமணத்தோடு முடிவதில்லை, குழந்தை வரும்போது கூடுகிறது. பிரணயின் கொலை நமக்குச் சொல்வது இதுதான்.

மூன்று, மொழியை விட்டுக்கொடுக்காதீர்கள். கௌரவக் கொலை என்று யாராவது எழுதினால் திருத்துங்கள். இதில் கௌரவம் எங்கே இருக்கிறது, இது ஆணவக் கொலை. “பாசத்தால் செய்துவிட்டார்” என்று யாராவது சொன்னால், யாருடைய பாசம் என்று கேளுங்கள். “ஒரு தந்தையின் கதை” என்று யாராவது சொன்னால், எந்தத் தந்தை என்று கேளுங்கள்.

பிரணய்க்கு ஒரு மகன் இருக்கிறான். என்றாவது ஒருநாள் தன் அப்பாவின் பெயரை அவனும் தேடுவான். அவன் முன்னால் வந்து நிற்கப்போவது ஒரு கண்காணிப்புக் கேமரா பதிவா, தாத்தாவின் புகழ் பாடும் ஒரு படமா, அல்லது தான் பிறப்பதற்கு முன்பே தன்னை நேசித்த ஒரு மனிதரின் வாழ்க்கையா என்பது நாம் இன்றைக்கு என்ன எழுதுகிறோம், என்ன பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. எழுதுங்கள், பேசுங்கள். அந்தப் பிள்ளையின் அப்பாவை அவனிடமே திருப்பிக் கொடுப்போம்.